ஆண்டர்சன்வில் போய்வந்தேன்: அமெரிக்க உள்நாட்டுப் போர் சாதாரண மனிதர்களை என்ன செய்தது?

வைகைக்கரையான் (சனி, இரவு 9.10)

அனைவருக்கும் வணக்கம்.

இன்று அட்லாண்டாவிலிருந்து தெற்கே இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகக் கார் ஓட்டிக்கொண்டு ஆண்டர்சன்வில் போய்வந்தேன். அடிமை முறையை விடாமல் தனியாகப் பிரிந்த தென் மாநிலங்களுக்கும், நாடு பிரியக் கூடாது என்ற வட மாநிலங்களுக்கும் 1861 முதல் 1865 வரை நடந்த போர் அது. 1864 பிப்ரவரி முதல் போர் முடியும் வரை, தெற்குப் படையினர் வடக்குப் படைக் கைதிகளை அடைத்து வைத்திருந்த இடம். ஏறத்தாழ 45,000 பேர் உள்ளே போனார்கள். அவர்களில் கிட்டத்தட்ட 13,000 பேர் அங்கேயே இறந்தார்கள். இந்தக் கணக்கை முன்பே படித்திருந்தேன். படித்ததற்கும் நேரில் போய் நின்றதற்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம்.

கல்லறைத் தோட்டம் என்றால் ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே ஆள் நடக்க இடம் விட்டிருப்பார்கள். இங்கே அப்படி இல்லை. வெள்ளைக் கற்கள் பல்வரிசை போல நெருக்கியடித்து நிற்கின்றன. நீளமாகக் குழி வெட்டி, பெட்டி இல்லாமல், உடல்களைத் தோளோடு தோள் உரசக் கிடத்திப் புதைத்திருக்கிறார்கள். இரண்டு கற்களுக்கு நடுவே கையை வைத்துப் பார்த்தேன். விரல்கள்தான் நுழைந்தன.

சிறை இருந்த இடம் இப்போது வெறும் புல்வெளி. சுமார் 26 ஏக்கர். பத்தாயிரம் பேருக்கென்று கட்டியதில் 1864 ஆகஸ்டில் ஏறத்தாழ 33,000 பேர் இருந்தார்கள். கூரை கிடையாது. கம்பளியையும் குச்சியையும் வைத்து அவரவர் போட்டுக்கொண்ட மறைப்புதான். நடுவே ஒரு சிற்றோடை. காவலர் முகாமின் கழிவும் சமையல்கூடத்தின் கழிவும் கலந்து வந்த தண்ணீர். குடிக்கவும் அதுதான், மற்றதற்கும் அதுதான். மதிலுக்குச் சற்று உள்ளே ஒரு தாழ்வான வேலி. அதைத் தாண்டிக் கை நீட்டினாலும் காவலர்கள் சுடலாம். அந்த வேலிக்குப் பெயர் 'டெட்லைன்'. அலுவலகத்தில் நாளுக்குப் பத்து முறை சொல்கிற சொல். அந்தக் கோட்டைக் காட்ட நட்டு வைத்திருக்கும் வெள்ளைக் கம்புகளின் பக்கத்தில் நின்றபோது உடம்பு சில்லிட்டுவிட்டது.

பள்ளியில் நாம் படித்தது லிங்கன், அடிமை முறை ஒழிப்பு, கெட்டிஸ்பர்க் உரை. இந்தப் போரில் போய்ச் செத்தவனுக்கும், அவன் வீட்டில் இருந்தவர்களுக்கும் என்ன ஆனது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஏட்டுச்சுவடி (சனி, இரவு 10.45)

தம்பி, நல்ல கேள்வி. முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு பத்திகூட இல்லை.

நீங்கள் பார்த்த கற்களில் பெயர்கள் இருந்திருக்குமே, கவனித்தீர்களா? அந்தப் பெயர்கள் அங்கே இருப்பதற்கு டாரன்ஸ் அட்வாட்டர் என்ற பத்தொன்பது வயதுக் கைதி ஒரு காரணம். கனெக்டிகட் மாநிலத்துப் பையன். கையெழுத்து நன்றாக இருந்ததால் இறந்தவர்களின் பதிவேட்டை எழுதும் வேலை கொடுத்தார்கள். சிறையார் கேட்டதை எழுதிக் கொடுத்துவிட்டு, தனக்கென்று ரகசியமாக இன்னொரு பிரதியும் எழுதி, கோட்டின் உள்துணியில் மறைத்து வெளியே கொண்டுவந்தான். பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், நோய், குழியின் எண். 1865 கோடையில், போர்க்களத்தில் காயப்பட்டவர்களைக் கவனித்த கிளாரா பார்ட்டன் அம்மையாரும் இவனும் ஆண்டர்சன்வில் சென்று, பட்டியலைக் குழி எண்களோடு ஒப்பிட்டு மரப்பலகை நட்டார்கள். ஏறத்தாழ 460 பேர் மட்டுமே 'அடையாளம் தெரியாதவர்' ஆனார்கள். அந்தப் பட்டியலுக்காகவே ராணுவம் பிறகு அவனைத் திருடன் என்று விசாரித்துச் சிறையில் தள்ளியது. வெளியே வந்ததும் 1866இல் செய்தித்தாள் மூலம் அச்சிட்டு வெளியிட்டான்.

ஏன் இவ்வளவு பாடு என்றால், அன்று சிப்பாயின் கழுத்தில் அடையாளத் தகடு கிடையாது. இறந்துவிட்டான் என்று வீட்டுக்குச் சொல்லும் பொறுப்பை அரசு ஏற்கவில்லை. கூட இருந்தவன் கடிதம் போட்டால் உண்டு. பெரிய சண்டைக்கு முன்பு தாளில் தங்கள் பெயரையும் ஊரையும் எழுதிச் சட்டையில் ஊசியால் குத்திக்கொண்டு போனார்கள். தன் பிணத்துக்குத் தானே முகவரி எழுதியிருக்கிறான் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை (ஞாயிறு, காலை 6.30)

ஐயா, ஒரு சந்தேகம். இறந்தவர்கள் 6,20,000 என்று ஒரு நூலில் இருக்கிறது, 7,50,000 என்று இன்னொன்றில். எது சரி?

ஏட்டுச்சுவடி (ஞாயிறு, காலை 8.05)

6,20,000 என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ராணுவப் பதிவுகளை வைத்துக் கூட்டியது. தெற்குப் படையின் பதிவுகள் பாதி எரிந்துபோயின, மீதி சரியாக எழுதப்படவே இல்லை. 2011இல் ஜே. டேவிட் ஹாக்கர் என்ற வரலாற்றாய்வாளர் வேறு வழியில் போனார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்து, 1860க்கும் 1870க்கும் நடுவே இளம் ஆண்கள் எத்தனை பேர் வழக்கத்தைவிட அதிகமாகக் காணாமல் போனார்கள் என்று பார்த்தார். அப்படி வந்ததுதான் ஏறத்தாழ 7,50,000. மதிப்பீடுதான். மொத்த மக்கள்தொகையே சுமார் 3.1 கோடி இருந்த நாட்டில் இது. சமூகமே எண்ணித் தீர்க்க முடியாத சாவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மலர்க்கொடி (ஞாயிறு, பிற்பகல் 1.20)

நான் மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறேன். என் தொழில் பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

இறந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரைக் கொன்றது நோய். வயிற்றுப்போக்கு, சீதபேதி, டைபாய்டு, நிமோனியா, மலேரியா. ஆளில்லாக் காட்டுப் பண்ணைகளில் வளர்ந்த பிள்ளைகள் முதன்முறையாக ஆயிரம் பேரோடு ஒரே முகாமில் படுத்தபோது தட்டம்மையே பலரைக் கொண்டுபோனது. துப்பாக்கியைத் தொடும் முன்பே முடிந்துபோனவர்கள் நிறையப் பேர்.

குண்டு பட்டவர்களின் கதை வேறு. அப்போது வந்த மினி என்ற ஈயக்குண்டு எலும்பைத் துளைப்பதில்லை, நொறுக்கிவிடும். நொறுங்கிய காலைச் சேர்த்துவைக்க வழி கிடையாது. விட்டால் அழுகும். எனவே வெட்டினார்கள். போர் முழுவதும் சுமார் 60,000 உறுப்பு நீக்கங்கள் என்று சொல்வார்கள். மயக்க மருந்து இல்லாமல் வாயில் கட்டையைக் கடிக்கக் கொடுத்து அறுத்தார்கள் என்று பலரும் நம்புகிறார்கள். அது தவறு. பெரும்பாலும் குளோரோபார்ம் கொடுத்தார்கள். இல்லாமல் போனது சுத்தம்தான். கிருமி என்ற ஒன்று உண்டென்றே அவர்களுக்குத் தெரியாது. ஒரே வாளித் தண்ணீரில் ஒரே பஞ்சை நனைத்து இருபது பேரின் புண்ணைத் துடைத்திருக்கிறார்கள். அதைப் படித்த அன்று பணிக்குப் போய்க் கையுறை போட்டபோது அவர்கள் நினைவாகவே இருந்தது.

போருக்குப் பின் 1866இல் மிசிசிப்பி மாநிலம் தன் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கைச் செயற்கைக் கை கால்களுக்குச் செலவிட்டது. பாலம் இல்லை, ரயில் இல்லை, பள்ளி இல்லை. முதலில் கால்.

இன்னொன்று. 1865இல் நியூயார்க்கில் வில்லியம் ஓலண்ட் போர்ன் என்பவர் ஒரு கையெழுத்துப் போட்டி அறிவித்தார். போரில் வலக்கையை இழந்த வடக்குப் படையினர் இடக்கையால் எழுதி அனுப்ப வேண்டும். சில நூறு பேர் எழுதினார்கள். அந்தத் தாள்கள் இன்றும் வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன, இணையத்திலும் பார்க்கலாம். சிலருடையது அச்செழுத்து போல அவ்வளவு அழகு. எழுதப் பழகும் குழந்தையைப் போல, கோட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்திருக்கிறார்கள். எழுத்தர் வேலை கிடைத்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை. வலக்கைப் பக்கவாதம் வந்த நோயாளிகளுக்கு இடக்கையால் கரண்டி பிடிக்கப் பழக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாள்களை என்னால் பத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை.

தெற்குத்தெரு (ஞாயிறு, மாலை 5.00)

எல்லோரும் படைவீரர்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். தெற்கே இருந்த குடிமக்கள் பட்டதை யாரும் சொல்வதில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. சண்டையில் பெரும்பகுதி நடந்தது அவர்கள் மண்ணில்.

மிசிசிப்பி ஆற்றங்கரையில் விக்ஸ்பர்க் என்ற ஊர். 1863 மே முதல் ஜூலை 4 வரை, 47 நாள் முற்றுகை. ஆற்றிலிருந்தும் தரையிலிருந்தும் இரவு பகலாகப் பீரங்கிக் குண்டு. ஊரே மண்மேட்டில் குகை தோண்டி அதற்குள் குடிபோனது. கம்பளம், கட்டில், மேசை எல்லாம் குகைக்குள். பிள்ளைப்பேறும் அங்கேயே. கோவேறு கழுதைக் கறி தின்றார்கள். தாள் தீர்ந்துபோய், சுவரில் ஒட்டும் பூப்போட்ட காகிதத்தின் பின்பக்கத்தில் செய்தித்தாள் அச்சிட்டார்கள்.

உப்புக்குப் பட்ட பாடு இன்னும் கொடுமை. கடற்கரையை வடக்குக் கப்பல்கள் அடைத்துவிட்டன. உப்பு இல்லாமல் பன்றிக்கறியைப் பதப்படுத்த முடியாது, பதப்படுத்தாவிட்டால் குளிர்காலத்துக்குச் சாப்பாடு இல்லை. கறி தொங்கவிட்டிருந்த புகையறையின் மண் தரையைத் தோண்டி, ஆண்டுக்கணக்கில் சொட்டி ஊறிய உப்புக்காக அந்த மண்ணைக் கரைத்துக் காய்ச்சினார்கள். வீட்டுத் தரையைக் காய்ச்சிக் குடும்பம் நடத்திய பெண்கள் அவர்கள்.

பிறகு 1864 நவம்பரில் வடக்குத் தளபதி ஷெர்மன் 60,000 பேரோடு அட்லாண்டாவிலிருந்து சவானா வரை வழியெல்லாம் களஞ்சியத்தைக் காலி செய்து, தண்டவாளத்தைக் காய்ச்சி மரத்தில் சுற்றிவிட்டுப் போனார். விதை நெல்லையும் பறிப்பது போன்ற செயல். அதற்கு என்ன நியாயம் சொல்வீர்கள்?

நெய்தல் (ஞாயிறு, இரவு 8.35)

தெற்குத்தெரு அண்ணா, கோபப்படாமல் கேட்கிறேன். "தெற்கே இருந்த குடிமக்கள்" என்று நீங்கள் எழுதும்போது உங்கள் மனதில் வருவது யார்? போர் தொடங்கியபோது அங்கே அடிமைகளாக இருந்தவர்கள் ஏறத்தாழ 40 லட்சம் பேர். மிசிசிப்பியிலும் தென் கரோலினாவிலும் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் அவர்கள்தான். விக்ஸ்பர்க் குகைகளைப் பெரும்பாலும் தோண்டியதும் கறுப்பின மக்களின் கைகள்தான். உப்பு மண் காய்ச்சிய அடுப்புக்கு விறகு சுமந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அவர்களை விட்டுவிட்டுத் தெற்கின் துயரம் என்று ஒன்று எழுத முடியாது.

ஷெர்மன் மேல் எனக்கும் வழக்கு உண்டு, ஆனால் அது வேறு வழக்கு. அவர் படையின் பின்னால், விடுதலை கிடைத்தது என்று நம்பி ஆயிரக்கணக்கான கறுப்பின மக்கள் மூட்டை முடிச்சோடு நடந்தார்கள். 1864 டிசம்பர் 9 அன்று எபனேசர் கிரீக் என்ற ஓடை. வெள்ளம், கடுங்குளிர். ஷெர்மனின் தளபதிகளில் ஒருவர் படையை மிதவைப் பாலத்தில் கடத்திவிட்டு, பின்னால் வந்த மக்கள் ஏறும் முன் பாலத்தை அவிழ்த்து இழுத்துக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் தெற்குக் குதிரைப்படை நெருங்குகிறது. பலர் தண்ணீரில் குதித்தார்கள். மூழ்கினவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை.

கென்டக்கியில் கேம்ப் நெல்சன் என்ற வடக்கு முகாம். கறுப்பின ஆண்கள் அங்கே வந்து படையில் சேர்ந்தார்கள். கூட வந்த மனைவி மக்கள் முகாமின் ஓரத்தில் குடிசை போட்டு இருந்தார்கள். 1864 நவம்பரில், உறைகுளிரில், சுமார் 400 பெண்களையும் குழந்தைகளையும் வண்டியில் ஏற்றி வெளியே விட்டு, குடிசைகளை இடித்துப்போட்டார்கள். ஏறத்தாழ நூறு பேர் இறந்தார்கள். கணவன் சீருடையில் முகாமுக்குள், பிள்ளை வெளியே குளிரில். இந்தச் செய்தி வடக்கே பரவி எழுந்த கண்டனத்தின் பிறகுதான், 1865 மார்ச்சில் கறுப்பின வீரர்களின் மனைவி மக்களுக்கும் விடுதலை என்று சட்டம் வந்தது.

இந்தப் படைவீரர்கள் சுமார் 1,80,000 பேர். வெள்ளையனுக்கு மாதம் 13 டாலர். இவர்களுக்கு 10 டாலர், அதிலும் உடைக்கென்று 3 டாலர் பிடித்தம். மாசசூசெட்ஸ் 54ஆம் படையினர் அந்தக் குறைச்சலான சம்பளத்தை வாங்கவே மாட்டோம் என்று பல மாதங்கள் ஒரு காசு தொடாமல் சண்டை போட்டார்கள். வைகைக்கரையான் பார்த்துவந்த சிறை நிரம்பி வழிந்ததற்கும் இதோடு தொடர்பு உண்டு. கறுப்பின வீரர்களைப் போர்க்கைதிகளாக நடத்த மாட்டோம் என்று தெற்கு மறுத்ததால்தான் 1863இல் கைதிப் பரிமாற்றம் நின்றது.

தெற்குத்தெரு (ஞாயிறு, இரவு 11.10)

நெய்தல், நீங்கள் சொன்னதை இரண்டு முறை படித்தேன். நான் எழுதியதில் அவர்கள் இல்லை, அது என் பிழை. கேம்ப் நெல்சன் எனக்குத் தெரியாது.

ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். 1863 ஏப்ரல் 2 அன்று ரிச்மண்ட் நகரத்தில் கத்தியும் கோடரியுமாகக் கடைகளை உடைத்து ரொட்டி கேட்ட பெண்கள், பெரும்பாலும் அடிமை எவரையும் வைத்திருந்தவர்கள் அல்லர். தொழிலாளர் வீட்டுப் பெண்கள். இருபது அடிமை வைத்திருக்கும் பண்ணைக்கு ஒரு வெள்ளை ஆணுக்குக் கட்டாயப் படைச்சேர்ப்பிலிருந்து விலக்கு என்று தெற்கு அரசு சட்டம் போட்டது. ஏழையின் கணவன் களத்துக்குப் போனான், பண்ணையார் வீட்டில் இருந்தார். வடக்கே 300 டாலர் கட்டினால் போக வேண்டாம். இரண்டு பக்கமும் ஏழைதான் சுமந்தான்.

நெய்தல் (திங்கள், காலை 7.00)

ஏழை சுமந்தது உண்மை, ஏற்கிறேன். ஆனால் அந்த 300 டாலர் கோபம் 1863 ஜூலையில் நியூயார்க்கில் எங்கே போய் விழுந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் அண்ணா. கட்டாயப் படைச்சேர்ப்பை எதிர்த்துக் கிளம்பிய கலவரக்காரர்கள் கறுப்பின மக்களை விளக்குக் கம்பங்களில் தொங்கவிட்டார்கள். கறுப்பினக் குழந்தைகளின் அநாதை இல்லத்துக்குத் தீ வைத்தார்கள். உள்ளே இருந்த இருநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்பக்கமாக அழைத்துப் போய்க் காப்பாற்றினார்கள்.

கரிசல்மண் (திங்கள், காலை 9.15)

ஒரு சிறு குறிப்பு மட்டும். அமெரிக்கத் துறைமுகங்கள் அடைபட்டதும் இங்கிலாந்தின் லங்காஷயர் துணி ஆலைகள் இந்தியப் பருத்தியைத் தேடின. தூத்துக்குடி வழியாகப் போன திருநெல்வேலிப் பருத்திக்கும் அப்போது விலை ஏறியது, போர் முடிந்ததும் விழுந்தது. எங்கள் கரிசல் காட்டுக்கும் இந்தப் போருக்கும் இருந்த நூல் இதுதான். விரிவாக எழுத வேறு இழை தொடங்குகிறேன், இங்கே திசை திருப்ப விரும்பவில்லை.

ஏட்டுச்சுவடி (திங்கள், பிற்பகல் 3.30)

நன்றி கரிசல்மண். தனி இழையே நல்லது.

கெட்டிஸ்பர்க்கில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1863 ஜூலை 1, 2, 3. சுமார் 2,400 பேர் வசித்த ஊர். மூன்றே நாளில் இரண்டு படையிலும் சேர்த்து ஏறத்தாழ 51,000 பேர் இறந்தோ, காயப்பட்டோ, காணாமலோ போனார்கள். படைகள் கிளம்பிவிட்டன. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட காயக்காரர்களும் ஆயிரக்கணக்கான பிணங்களும் செத்த குதிரைகளும் அந்த ஊர்க்காரர்கள் தலையில் விழுந்தன. தேவாலயம், பள்ளி, வைக்கோல் கொட்டகை, சாப்பாட்டு அறை எல்லாம் மருத்துவமனை ஆகின.

அங்கே ஒரு வடக்குச் சிப்பாயின் உடல். பெயர் இல்லை, கடிதம் இல்லை. கையில் கண்ணாடித் தகட்டில் எடுத்த ஒரு புகைப்படம், அதில் மூன்று குழந்தைகள். சாகும்போது கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டே செத்திருக்கிறான். செய்தித்தாளில் படம் அச்சிட அன்று வழியில்லை. பிலடெல்பியாப் பத்திரிகை ஒன்று அந்தப் படத்தைச் சொற்களால் எழுதியது: குழந்தைகளின் வயது இப்படி இப்படி, மூத்த பையனின் சட்டையும் பெண்குழந்தையின் கவுனும் ஒரே துணி. மற்ற பத்திரிகைகள் அதை எடுத்துப் போட்டன. நியூயார்க் மாநிலத்தில் போர்ட்வில் என்ற சிற்றூரில், மாதக்கணக்கில் கணவனிடமிருந்து கடிதம் வராத ஒரு பெண் அதைப் படித்தாள். அந்தத் துணி அவளுக்குத் தெரியாதா? 1863 நவம்பரில் படத்தின் பிரதி வந்து சேர்ந்தது. இறந்தவர் சார்ஜெண்ட் ஏமஸ் ஹியூமிஸ்டன். ஒரே துணியில் இரண்டு பிள்ளைக்குத் தைத்ததால் ஒரு குடும்பத்துக்குச் செய்தி கிடைத்தது. கிடைக்காத குடும்பங்கள் எத்தனை லட்சம்!

மலர்க்கொடி (திங்கள், இரவு 10.00)

ஐயா, இதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

உயிரோடு திரும்பியவர்களைப் பற்றியும் இரண்டு வரி. மனம் முறிந்தவர்களுக்கு அன்று நோயின் பெயரே கிடையாது. வீட்டு ஏக்கம் என்று ராணுவ மருத்துவர்கள் ஒரு நோயாகவே பதிந்தார்கள், ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு. ஜேக்கப் டா கோஸ்டா என்ற பிலடெல்பியா மருத்துவர், காயமே இல்லாமல் நெஞ்சு படபடத்து மூச்சு வாங்கும் சிப்பாய்களை ஆராய்ந்து 1871இல் எழுதினார். கோளாறு இதயத்தில் என்று நினைத்தார். வெட்டிய கால் இன்னும் வலிக்கிறது என்று சொன்னவர்களைக் கவனித்து, அதற்கு 'பேய் உறுப்பு' என்ற பொருளில் பெயர் வைத்தவர் அதே நகரத்து வெயர் மிட்சல். என் நோயாளிகளிடம் இன்றும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறோம்.

ஓய்வூதியம் 1890களின் தொடக்கத்தில் மத்திய அரசின் செலவில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டைத் தின்றது. இந்தப் போருக்கான கடைசி ஓய்வூதியம் நின்றது 2020இல். ஒரு படைவீரருக்கு முதுமையில் பிறந்த மகள், வட கரோலினாவில், அந்த ஆண்டுதான் இறந்தார். மாதம் 73 டாலர் 13 சென்ட் வாங்கிக்கொண்டிருந்தார்.

வைகைக்கரையான் (செவ்வாய், இரவு 9.40)

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாக இந்த இழையை விட்டு நகர முடியவில்லை. நெய்தல் எழுதியதைத் தொடர்ந்து தேடியபோது ஒன்று கண்ணில் பட்டது.

போர் முடிந்ததும் விடுதலையானவர்கள் முதலில் செய்தது, விற்கப்பட்டுப் பிரிந்துபோன தங்கள் வீட்டாரைத் தேடியது. செய்தித்தாள்களில் விளம்பரம் கொடுத்தார்கள். நியூ ஆர்லியன்ஸில் வந்த ஒரு திருச்சபை இதழில் 'தொலைந்த நண்பர்கள்' என்று ஒரு பகுதியே இருந்தது. ஒரு விளம்பரத்துக்கு 50 சென்ட். போதகர்கள் அதை வழிபாட்டில் உரக்க வாசிக்க வேண்டும் என்று இதழே கேட்டுக்கொண்டது. படிக்கத் தெரியாதவர்களின் காதில் விழட்டும் என்று. ஆயிரக்கணக்கான விளம்பரங்களை இப்போது திரட்டி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரே வரிசை: என் தாயின் பெயர் இது, எங்கள் எஜமானின் பெயர் இது, இன்ன ஊரில் இன்னாருக்கு என்னை விற்றார்கள், அப்போது என் தங்கை கைக்குழந்தை. போர் முடிந்து முப்பது ஆண்டுக்குப் பிறகும் விளம்பரம் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவைத் தேடும் மகளுக்கு அப்போது அறுபது வயது இருக்கும்.

அட்வாட்டர் பெயரைத் தெரிந்துகொண்டபின் அந்த இடத்தை மறுபடி பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. வரும் சனிக்கிழமை போகிறேன்.

மலர்க்கொடி (செவ்வாய், இரவு 10.05)

தம்பி, நான் பக்கத்து அலபாமா மாநிலத்துப் பர்மிங்காமில் இருக்கிறேன். சனிக்கிழமை எனக்கு விடுமுறை. என் மகளையும் அழைத்துக்கொண்டு வரலாமா?

வைகைக்கரையான் (செவ்வாய், இரவு 10.12)

கண்டிப்பாக வாருங்கள் அக்கா. காலையிலேயே கிளம்பிவிடுங்கள். கல்லறைத் தோட்டத்தில் மரம் இருக்கிறது, சிறை இருந்த மைதானத்தில் நிழலே கிடையாது. பாப்பாவுக்குத் தொப்பியும், தண்ணீர் கொஞ்சம் அதிகமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.